ட்ரம்முக்குப் போட்ட ஈரச்சாக்கு

எனக்கு வெளி ஆளுகளோடு பேச வராது. வீட்டுக்கு ஆம்பளைகள் யாராவது வந்தால் சொம்பில் தண்ணி கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். பேசாமல் இருப்பதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்றுதான் போன கோடை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் சொந்தமாக லோடு வண்டி வைத்து ஓட்டுகிறான். ஒத்தக்கடையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்களில் மல்லிகைப்பூ மூட்டைகளை ஏற்றி, விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்க வேண்டும். கோச்சடைக்கு அந்தப் பக்கம் செட் போட்டு பயோடீசல் செய்கிற ஒருத்தரை அந்த மார்க்கெட்டில்தான் அவனுக்குப் பழக்கம். ஓட்டல்களில் வடையும் பூரியும் பொரித்து மிஞ்சுகிற எண்ணெயை வாங்கி, பக்குவம் பண்ணி, வண்டிக்கு ஊற்றுகிற மாதிரி ஆக்கித் தருவார். மார்க்கெட் வண்டிக்காரர்கள் பல பேர் அவரிடம்தான் வாங்கினார்கள்.

என் மகனும் ஒரு ட்ரம் வாங்கினான். அவரே கொண்டுவந்து, வீட்டை ஒட்டி இருக்கிற தகரக் கொட்டகையில் நிறுத்தினார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, மொதல்ல கொஞ்சமா டீசலோட கலந்து ஊத்துங்க. டாங்கில ஒட்டிக் கெடக்குற பழைய அழுக்கையெல்லாம் இது கழட்டி விட்டுரும். புது பில்டர் ஒண்ணு வண்டியிலயே கெடக்கட்டும். பக்கத்துல பீடி, சிகரெட் ஆகாது. இதத் தொடச்ச துணியக் குமிச்சுப் போட்டா தானா சூடேறிப் பத்திக்கிரும், பாத்துக்கங்க. மூடிய ஸ்பேனர் போட்டு முறுக்குங்க. வெயில் படாம, குளுமையா இருக்கணும்."

"என்னண்ணே, கட்டிக்குடுத்த பொண்ண விட்டுட்டுப் போற மாதிரி சொல்லிக்கிட்டே போறீங்க" என்றான் மகன்.

"பொண்ணாவது கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துரும். இது நடுரோட்டுல நிப்பாட்டிரும்" என்று அவர் சிரித்தார்.

அதற்குள் பால் பொங்கிவிட்டது. நான் அடுப்புக்கு ஓடினேன். அதற்குப் பிறகு தண்ணி படக் கூடாது என்பதையும் அவர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

குளுமையா இருக்கணும் என்பது மட்டும் மனசில் நின்றுவிட்டது. தகரத்துக்கு அடியில் மத்தியானம் கால் வைக்க முடியாது, அம்புட்டுச் சூடு. எங்களுடையது பூ வியாபாரம் பண்ணின குடும்பம். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் பூ வாடாமல் இருக்க ஈரச்சாக்கு நனைத்துப் போடுவது என் வேலை. குளுமை என்றால் என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஒரு சணல் சாக்கை நனைத்து ட்ரம்முக்கு மேல் போர்த்திவிட்டேன். காலையிலும் மத்தியானமும் ஒரு சொம்புத் தண்ணியை அதன் மேலேயே ஊற்றினேன். ட்ரம்மின் விளிம்பு கொஞ்சம் உயரமாக இருக்கும். அதற்குள் மூடியைச் சுற்றித் தண்ணி தேங்கி நிற்கும். மறுநாள் பார்த்தால் இருக்காது. வற்றிப்போச்சு என்று மறுபடி ஊற்றுவேன். விடியுமுன் மகன் எண்ணெய் எடுக்க வரும்போது சாக்கு காய்ந்து கிடக்கும். அம்மா வெயிலுக்குப் போட்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டான். நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கூட இருந்தது.

ஒரு நாள் பூ ஏற்றிக்கொண்டு போகையில் வண்டி திக்கித் திக்கி மேலூர் ரோட்டில் நின்றுபோனது. மெக்கானிக் வந்து பில்டரைக் கழற்றினால் உள்ளே தண்ணி. அதோடு பாசி மாதிரி வழவழவென்று என்னவோ. வேறு வண்டி பிடித்து மூட்டையை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மொட்டெல்லாம் விரிந்துவிட்டது. விரிந்த மல்லிகையை யார் வாங்குவார்? மகன் அங்கேயே, மார்க்கெட்டுக்கு நடுவில் நின்று, "அந்தாளு தண்ணியக் கலந்து விக்கிறாரு" என்று சத்தம் போட்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போன் பண்ணி மருமகளிடம் சொன்னான். அவள் என்னிடம் சொன்னாள். தண்ணி என்று கேட்டதும் எனக்கு ஈரச்சாக்கு ஞாபகம் வந்தது. கொட்டகைக்குப் போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தேன். மூடியைச் சுற்றி, காலையில் நான் ஊற்றின தண்ணி நின்றுகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற, மூடியின் ஓரத்திலிருந்து சின்னதாக ஒரு குமிழி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. தினமும் எடுக்கிற மூடிதானே என்று மகன் அதைக் கையால்தான் திருகி வைத்திருந்தான். காற்று வெளியே வருகிற வழியில் தண்ணி உள்ளே போகாதா? படிப்பில்லாத எனக்கே அது விளங்கிவிட்டது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. மகன் வருவதற்குள் சாக்கைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் திணித்தேன். ட்ரம்மின் மேலே இருந்த தண்ணியைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தேன். சாக்கு நனைத்தது தெரியாமல் செய்தது. அதை ஒளித்து வைத்தது தெரிந்து செய்தது.

பயோடீசல்காரர் வீட்டுக்கு வந்தார். ட்ரம்மைப் பார்க்க வேண்டும் என்றார். மகன் விடவில்லை.

"என் புள்ளைக மேல சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல மாப்ள. ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"இனிமே மாப்ள கீப்ளனு கூப்புடாதீங்க. கெளம்புங்க."

அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். என் கூச்சம் அவருக்குத் தெரியும். அதனால் வேறு மாதிரி நினைக்காமல் போய்விட்டார்.

பிறகு அவரிடம் வாங்கின வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள் என்று மருமகள் சொல்லிக் கேட்டேன். சத்தியம் பண்ணும்போது அந்த மனுஷன் குரல் இருந்த மாதிரியே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மகனுக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். சாக்கு நனைத்ததையும் சொன்னேன், ஒளித்ததையும் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை.

"இத எப்படிம்மா மார்க்கெட்ல போய்ச் சொல்றது? என்னையக் கேலி பண்ணியே கொன்னுருவாய்ங்க. விடும்மா, நாளானா எல்லாரும் மறந்துருவாய்ங்க."

அவன் மறந்துவிடுவான். அந்த மனுஷன் எப்படி மறப்பார்?

மறுநாள் மகன் வண்டி எடுத்துப் போன பிறகு, மருமகளிடம் வழி கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோச்சடையில் இறங்கி விசாரித்து நடந்தேன். செட்டுக்கு வெளியே எண்ணெய் வாங்கப் போகிற வண்டி சும்மா நின்றது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வார்த்தை வராது என்று பயம்.

"தம்பி, தண்ணி ஒங்க தண்ணி இல்ல. நான் ஊத்துனது."

அவர் முழுக்கக் கேட்டார். "பகல்ல சூட்டுக்கு ட்ரம்முக்குள்ள இருக்க காத்து வெளிய போகும்க்கா. ராத்திரி குளுந்ததும் உள்ள இழுக்கும். மேல தண்ணி நின்னா தண்ணியத்தான் இழுக்கும்" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "இத அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்தப்ப சொல்லியிருக்கலாம்லக்கா. கதவுக்குப் பின்னாடிதான நின்னீங்க?"

பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று மனசுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? யாரு முன்னாடி என் பேரு கெட்டுச்சோ அவங்ககிட்டச் சொல்லுங்க. வாங்க" என்று வண்டியை எடுத்தார்.

பூ மார்க்கெட்டில் வியாபாரம் ஓய்ந்து, வண்டிக்காரர்கள் டீக்கடைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். என் மகனும் நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போய், தன் வண்டிக்குப் போய் உதிர்ந்த பூவைக் கூட்ட ஆரம்பித்தான். நான் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு சொன்னேன். சத்தமாச் சொல்லுங்கத்தா என்றார் ஒருவர். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

சிரிப்பாய்ச் சிரித்தார்கள். "ஈரச்சாக்கு மட்டும்தானா? ரெண்டு முழம் மல்லியப்பூவும் சுத்தி விட்டிருக்கலாம்ல" என்றார் ஒருவர். "ட்ரம்மக் குளுப்பாட்டித் தொட்டில்ல போடாம விட்டீகளே" என்றார் இன்னொருவர். எனக்குக் கூசிப்போனது. ஆனால் சிரித்த வாயோடு இரண்டு பேர் அவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கண்ணே, ட்ரம் அனுப்பி விடுங்க" என்றார்கள். ஒருவர் மட்டும் நம்பவில்லை. "பாவம், கெழவியக் கூட்டிட்டு வந்து பேச வைக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே போனார். அதற்கும் நான்தான் காரணம். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

வீட்டுக்குப் போக நான் ஏற வேண்டிய ஒத்தக்கடை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பயோடீசல்காரர் கூட வந்தார். பஸ் வருவதைப் பார்த்ததும் நானே கேட்டேன்.

"இன்னும் யாருகிட்டயாச்சும் சொல்லணுமா தம்பி?"

"சோழவந்தான்ல வெத்தல லோடு அடிக்கிறவரு ஒருத்தரு இருக்காரு. நாலு வண்டி வச்சிருக்காரு, இந்தப் பேச்சக் கேட்டு என்கிட்ட வாங்குறத நிப்பாட்டிட்டாரு. அவரு கொஞ்சம் வாய் முரட்டு ஆளுக்கா. ஏசுனாலும் ஏசுவாரு."

"ஏசட்டும்" என்றேன். "காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்?"