ஆவியிடம் குறி கேட்டவன்

எழுபதுகளின் கடைசியில் நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. பெரிய கிராணி தும்மினால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தும் உத்தியோகம். அந்தத் தகுதியை நம்பி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம்தான். ஆனால் அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நானோ மாரியம்மன் திருவிழாவில் மைக் பிடிக்கிறவன்.

எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுக்கும் டிரெசர், எனக்கும் சுலபமான மருந்தாகத்தான் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அவங்கம்மா சரின்னா சரி. மொதல்ல எங்க கும்புடுற மொறையக் கொஞ்சம் வந்து பாருங்க."

முறை ஒன்றல்ல, இரண்டு. டிரெசர் தானா ராத்தாவில் இருந்த அமைதியான பழைய கோவிலுக்குப் போவார். அவர் மனைவி பிரிஞ்சாங்கில் உரக்கடை மாடியில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்குப் போவார். மதங்களைப் பற்றித் தலையணை பருமனில் இரண்டு புத்தகங்கள் படித்திருந்ததால் எனக்குத் தைரியம் அதிகம்.

அந்தப் புத்தகங்களில் செருப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தானா ராத்தாவில் வழக்கம்போல் காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மலைக் குளிரில், கல் தரையில், பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு நின்றவன் நான் ஒருவன்தான். எல்லோரும் எழும்போது நான் உட்கார்ந்தேன். அவர்கள் முழங்காலிட்டபோது எழுந்தேன்.

"முன்னால இருக்கிறவரப் பாத்துச் செய்யுங்க," என்றார் டிரெசர் காதோடு.

முன்னால் இருந்த பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதையும் செய்தேன்.

அடுத்த ஞாயிறு பிரிஞ்சாங். புது இடத்துக்குப் போகிறேனே என்று அம்மா என் கால்சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டு அனுப்பினாள்.

மாடியில் கிதார், கஞ்சிரா, கைத்தட்டல், அடியில் இருந்து கோழி எரு வாசம். திடீரென்று டிரெசரின் மனைவி, தோட்டத்தில் குரல் உயர்த்தியே கேட்டிராத அந்த அம்மாள், உடல் நடுங்க, கண்மூடி, எனக்குத் தெரியாத ஏதோ பாஷையில் பேச ஆரம்பித்தார். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று சுற்றி எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குப் பதறிவிட்டது. சாமி வந்து நிற்கிறது, கேட்க ஆளில்லை! எங்கள் கோவிலில் இப்படி விட்டால் ஆத்தா கோபித்துக்கொண்டு மலையேறிவிடுவாள். அந்த வருஷம் தோட்டத்தில் அம்மை போடும். இருபது திருவிழா பார்த்த அனுபவம் என்னை முன்னே தள்ளியது. எலுமிச்சம்பழத்தை அவர் காலடியில் வைத்து, மண்டியிட்டுக் கைகூப்பினேன்.

"தாயே, வந்திருக்கிறது யாரு? என்னா வேணும், கேளு!"

கஞ்சிரா நின்றது. வந்ததுதான் வந்தோம், சொந்தக் காரியத்தையும் முடித்துக்கொள்வோம் என்று நினைத்தேன்.

"உன் மகளை எனக்குக் குடுக்கிறதா இல்லையா? ஒரு வாக்குச் சொல்லு தாயே!"

கிதாரும் நின்றது. அந்த அம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எந்திரிங்க தம்பி."

எழுந்தேன். பாஸ்டர் பாய்ந்து வந்து என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, என்னைப் பிடித்திருந்ததை வெளியே போகச் சொன்னார். நான் விழவில்லை. மறுபடி அழுத்தினார். திரும்பிப் பார்த்தால், என்னைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் கைநீட்டிக் காத்திருக்கிறார்கள். மூன்றாம் அழுத்தலில் விழுந்தேன். "அல்லேலூயா!" என்று மாடி அதிர்ந்தது. என் வாழ்க்கையில் என் செயலுக்குக் கிடைத்த ஒரே கைத்தட்டல் அதுதான்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குப் பனியில் நின்றோம், அந்த அம்மாளும் நானும்.

"கேக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க விழுந்தது நெசமா?"

நெசம் என்றால் அன்றைக்கே பெண் கிடைத்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இல்லீங்கம்மா. பிடிக்கிறதுக்கு ரெண்டு பேரு ரொம்ப நேரமா நின்னாங்க. பாவமா இருந்திச்சு."

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுபடி ஆவி வந்துவிட்டதோ என்று பயந்தேன். சிரிப்பு.

"எங்க வீட்டுக்காரரும் ஒரு தடவ வந்து விழுந்தாருலா. அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னிக்கு வரைக்கும் நெசம்னுதான் சாதிக்கிறாரு."

பஸ் விளக்கு வளைவில் தெரிந்தது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு சற்று நின்றார்.

"ஏழு வருஷமா எனக்கு இப்படி வருது. என்னா வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

பிறகு படியேறி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்கம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. எலுமிச்சம்பழம் வேணாம்னு சொல்லுங்க."