மச்சானும் கறுப்புப் பட்டையும்

என் மச்சான் கட்டாரில் லொறி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டியையும் கொண்டுவந்தார். நாற்பத்திரண்டு அங்குலம். நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கண்டக்குழிக் கடலில் வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்று, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாயத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சனம், ஒரு கிழமைக்கு மச்சானின் சுவரை வேடிக்கை பார்க்க வந்தது.

பெட்டியை மாட்டிய அன்றே மச்சானுக்கு ஒரு எதிரியும் வாய்த்தது. அகலமான திரைக்கென்று எடுத்த படத்தை வீட்டுப் பெட்டியில் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்பாகப் பட்டை விழும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்படாமல் இருப்பதற்காக அப்படி விடுகிறார்கள். இதை நான் அவருக்கு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நாப்பத்திரண்டுக்குச் சல்லி குடுத்திட்டு முப்பதப் பாக்கச் சொல்றீங்களா மச்சான்?" என்றார்.

சொல்லிவிட்டு ரிமோட்டில் ஸூம் பொத்தானை அழுத்தினார். படம் ஊதிப் பெருத்து, பட்டைகள் திரைக்கு வெளியே போய்விட்டன. படத்தின் இரண்டு பக்கமும் கூடவே போய்விட்டன. கதாநாயகன் ஒரு மூக்கோடு பேசிக்கொண்டிருந்தான். அந்த மூக்குக்குரிய ஆள் சுவருக்குள் எங்கோ நின்றான். மச்சானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. திரை நிறைந்திருந்தது, அவருக்கு மனமும் நிறைந்தது.

நான் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்பதுதான் என் சோறு. ஆகவே இந்த விசயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் மச்சான் மட்டும் என்ன செய்வார், ஊரே அப்படித்தான் இருந்தது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் பழைய நிகழ்ச்சிகளை இரண்டு பக்கமும் இழுத்துப் பரப்பிப் போட்டிருப்பார்கள். செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கினதுபோல இருக்கும். உதைபந்து உருளும்போது முட்டையாக உருளும். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பரோட்டாவில் கொஞ்சம் அளவு குறைந்தால் மட்டும் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நானும் மனைவியும் ராத்தா வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போவோம். ராத்தா என் மூத்த சகோதரி, மச்சானின் மனைவி. சாப்பிட்ட பிறகு ஒரு படம். படம் முடிய அஸர் தொழுகை, தேத்தண்ணி, அதோடு படத்தைப் பற்றிய கதை. புத்தளத்தில் ஒரு கடையிலிருந்து நான்தான் டிஸ்க் வாங்கிவருவேன். பெரும்பாலும் தமிழில் குரல் மாற்றிய ஆங்கிலப் படங்கள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். தமிழில் பேசுகிற படத்துக்கு ஆங்கில எழுத்து எந்த மடையனுக்கு என்று நான் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுமிருக்கிறேன். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ராத்தா ஆங்கில ரீச்சராக இருந்தவள். மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து நாங்கள் முகாமில் கிடந்த காலத்திலேயே ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினாள். பிறகு காது மந்தமாகிப் பள்ளிக்கூடத்தை விட்டாள். ஒரு காதுதான் என்று சொல்லிக்கொள்வாள். முகத்துக்கு நேரே பேசினால் வாயைப் பார்த்தே விளங்கிக்கொள்வாள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சிரித்துவிட்டு எழுந்து போவாள். காது கேட்கிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அது அலுமாரியில் தூங்கியது. மச்சான் அவளுக்குக் கேட்கட்டும் என்று தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைப்பார். பக்கத்து வீட்டார் எல்லாரும் எங்கள் படத்தைக் கேட்டார்கள். அவள் ஒருத்தியைத் தவிர.

பழைய சின்னப் பெட்டி இருந்த நாட்களில் தேத்தண்ணி நேரத்துக் கதையை நடத்தியவளே ராத்தாதான். யார் ஏன் அப்படிச் செய்தான், எந்த இடத்தில் பொய் சொன்னான் என்று வகுப்பெடுப்பாள். புதுப் பெட்டி வந்த பிறகு அவள் வாய் குறைந்தது. படம் முடியுமுன்னே கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள். வயது போகுது என்று என் மனைவி சொன்னாள். நான் அதையும் யோசிக்கவில்லை. நான் மச்சானோடு சண்டை பிடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் நெய்ச்சோறு தொண்டையை விட்டு இறங்குமுன் தொடங்கிவிடுவேன். படம் எடுத்தவன் வைத்த எல்லையை வெட்டுவது அவன் கையை வெட்டுவது மாதிரி என்பேன். மச்சான் பல்லைக் குத்திக்கொண்டே, "அவன் வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்றேன்" என்பார். ராத்தா இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் காலத்தில் வந்த சில பெரிய படங்களுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. வெளியே நடக்கிற பிரமாண்டமான காட்சிகளை ராட்சதத் திரைக்கென்று உயரமாக எடுப்பார்கள். வீட்டுக்குள் இருந்து பேசுகிற காட்சிகளை வழக்கம்போல அகலமாக எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டி அப்படியே டிஸ்க்கில் போட்டு விற்பார்கள். வீட்டில் பார்க்கிறவனுக்குப் பட்டை வரும், போகும், திரும்ப வரும். ஒரு படத்துக்கு ஒரு அளவு என்று முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கு அத்தனை கோடியை யார் கொடுக்கிறார்களோ.

அப்படி ஒன்றைத் தெரியாமல் வாங்கிவந்துவிட்டேன். உடையப்போகிற ஒரு அணைக்கட்டு, அதைக் கட்டிய ஒரு தகப்பன், அவனுடைய மகள். மச்சானுக்கு அன்று ரிமோட்டே கையும் காலும் ஆனது. வீட்டுக்குள் காட்சி வந்து பட்டை விழுந்தால் ஸூம். அணைக்கட்டுக்குப் போனால் திரை தானாகவே நிறையும், உடனே ஸூமை எடுப்பார். இரண்டரை மணி நேரம் விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் இருந்து நக்கலாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி நேரத்தில் ராத்தா பல கிழமைகளுக்குப் பிறகு வாய் திறந்தாள். அணைக்கட்டின் மேல் நின்று அந்தத் தகப்பன் கத்தியதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"பாவம் அந்த மனிசன். ஊருக்காக உசிரக் குடுத்தான். கடைசில அந்த மகள் கூட அவன மன்னிக்கல்ல. என்ன புள்ள அது."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ராத்தா, நித்திர கொண்டிட்டீங்களா? அவன்தானே பொய்க் கடதாசில கையெழுத்து வெச்சவன். மகள்ட்ட அழுதழுது சொன்னானே."

மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன். ராத்தாவும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, சீனிப் போத்தலை எடுத்து மூடினாள்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. நித்திரை கொண்டவளுக்கு அணைக்கட்டின் மேல் நின்று அந்த மனிதன் கத்தியது மட்டும் சொல்லுக்குச் சொல் எப்படித் தெரிந்தது? அதைச் சற்றுமுன் ஆங்கிலத்திலேயே சொல்லியிருந்தாள். எங்கள் காதில் விழுந்தது தமிழ் அல்லவா.

எழுந்துபோய் டிஸ்க்கைத் திரும்பப் போட்டேன். தகப்பன் மகளிடம் அழுகிற இடத்துக்கு ஓட்டி, மச்சான் செய்ததுபோலவே ஸூமை அழுத்தினேன். கீழ்ப் பட்டையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து, பட்டையோடு சேர்ந்து திரைக்கு வெளியே போனது. அணைக்கட்டுக்கு ஓட்டினேன். எழுத்து படத்தின் மேலேயே தெளிவாக நின்றது. அவ்வளவுதான் விசயம். முழுதாக ஸூம் போட்ட படங்களில் அவளுக்கு வாசிக்க ஒரு வரியும் கிடைக்கவில்லை, அதனால் பேசவில்லை. இந்தப் படத்தில் பாதி கிடைத்தது. அந்தத் தைரியத்தில் பேச வந்தாள், நாங்கள் சிரித்தோம்.

மாதக்கணக்காகப் படத்தின் ஓரங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அதே படத்தின் கீழ் ஓரத்தில் என் கூடப்பிறந்தவள் தொங்கிக்கொண்டிருந்ததை நான் காணவில்லை. மச்சானை மடையன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

போவதற்கு முன் மச்சானை முற்றத்துக்குக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். இந்த முறை பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்லயே அவ," என்றார்.

அடுத்த வெள்ளி போனபோது ரிமோட்டில் அந்தப் பொத்தானின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கறுப்புப் பட்டைகளோடு படம் ஓடியது. மச்சான் ஒரு முறை மட்டும் பெருமூச்சு விட்டார். தேத்தண்ணி நேரத்தில் ராத்தா கதையை முதலிலிருந்து கடைசி வரை பிரித்து மேய்ந்தாள். என் மனைவி தவறவிட்ட ஒரு இடத்தையும் பிடித்துக் கொடுத்தாள்.

பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் குசினிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் கோப்பைகளை இறக்கி வைக்க, அவளே என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "என்ட காதப் பத்தி ஒரு வார்த்த வெளிய விடாம, வேற ஏதோ ஞாயம் சொல்லி, ஒவ்வொரு கெழமையும் மச்சானோட மல்லுக்கு நிண்டாயே. எனக்காகத்தானே?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் ராத்தா," என்றேன்.