ராசா எண்டாலும் துடக்குத்தான்

போன கிழமை என் மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பிக்கரிங்குக்குப் போனாள். பிக்கரிங்கில் எங்களுக்குத் தெரிந்த சனம் கனபேர், ஆனால் நாங்கள் போனது ஒருவர் வீட்டுக்கும் இல்லை, சேமக்காலைக்கு. நான் கடைசியாகப் படுக்கப்போகிற இடத்தை நானே பார்த்துத் தெரிவு செய்ய வேண்டுமாம். சுவருக்குப் பூசுகிற பெயின்ற் நிறத்தைக்கூட நான் ஒருநாளும் தெரிவு செய்தவன் கிடையாது. அதெல்லாம் மனிசியின் இலாகா.

மனிசி, அதுதான் பவானி, போன மாரியில் செத்துப்போனா. அவ சைவம், நான் வேதம், கத்தோலிக்கன். அவவை எரித்து, சாம்பலை இதே பிக்கரிங் பக்கம் ஏரியில் கரைத்தோம். என்னையும் அப்படியே செய்துவிடுங்கோ என்று கோயிலில் ஃபாதரிடம் கேட்டுப் பார்த்தேன். எரிக்கலாம், ஆனால் கரைக்கக் கூடாது, சாம்பலும் சேமக்காலைக்குத்தான் வரவேணும் என்றார். ஆக, அவ தண்ணியில், நான் மண்ணில். இவ்வளவு காலம் ஒரு போர்வையை ஆளுக்காள் இழுத்துக்கொண்டு படுத்த இரண்டு பேருக்கு இது சரியான முடிவாக எனக்குப் படவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நினைப்பு என்னைப் போட்டு அரித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, யூ ஹாவ் டு டிசைட் டுடே. சும்மா இழுத்துக்கொண்டிருக்க ஏலாது" என்றாள் மகள். பிறகு பாவம் பார்த்தாளோ என்னவோ, என் மடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தாள். மூடியைத் திறந்தேன். கறுவா வாசம், கூடவே கருகின சீனி வாசம். போர்த்துக்கேயர் முட்டையும் பாலும் சேர்த்து மேலே கறுப்புப் புள்ளி விழச் சுடுகிற அந்தச் சின்னக் கிண்ணப் பலகாரம். நான் கனடாவுக்கு வந்த முதல் வருசங்களில் நாள் முழுக்கச் சுட்டு அடுக்கின சாமான் அது.

டண்டாஸ் வீதியில், மேற்குப் பக்கமாக, ஒரு போர்த்துக்கேயப் பேக்கரி இருந்தது. அங்கேதான் எனக்கு வேலை. மாவுப் பகுதிக்குப் பொறுப்பு மரியா அக்கா. அக்கா என்று நான்தான் கூப்பிட்டேன், அவவுக்கு அதன் அர்த்தம் கடைசிவரை தெரியாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பா. எங்கள் இரண்டு பேரின் இங்கிலிசும் ஒரே தரம், அதாவது ஒன்றுக்கும் உதவாது. ஆனால் முதல் நாளே ஒரு விசயம் பிடிபட்டது. நான் பாண் என்றால் அவவுக்கு விளங்குது. மேசை விளங்குது. சாவி, கதிரை, யன்னல், சப்பாத்து, அலுமாரி எல்லாம் விளங்குது. போர்த்துக்கேயர் எங்கடை ஊருக்கு வந்து நூறு வருசத்துக்கு மேலே குந்தியிருந்துவிட்டுத் தளபாடங்களை விட்டுப் போயிருக்கிறாங்கள். அந்தத் தளபாடச் சொற்களை வைத்தே நாங்கள் இரண்டு வருசம் குடும்பம் நடத்தினோம். பவானியிடம் இப்படிச் சொல்லிச் சிக்குப்பட்டேன். "குடும்பமோ?" என்று கேட்டா. பேக்கரிக் குடும்பம் என்று திருத்தினேன்.

மரியா அக்காவின் ஊரில் துறவிகள் இருந்த ஒரு பென்னாம்பெரிய பழைய மடம் உண்டு. அதற்குள் ஒரு ராசாவின் கல்லறையும் அவன் விரும்பின பெண்ணின் கல்லறையும் இருக்கு. அந்தப் பெண்ணை ராசாவின் தகப்பனே ஆள் வைத்துக் கொலை செய்வித்தார். மகன் ராசாவாக வந்த பிறகு, கொன்றவர்களைப் பிடித்து நெஞ்சைப் பிளக்கச் செய்து, அவளைத் தோண்டி எடுத்து ராணி மரியாதையோடு அங்கே கொண்டுவந்து வைத்தானாம். இரண்டு கல்லறையும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, காலுக்குக் கால் நேராக வைத்திருக்கு. கடைசி நாளில் செத்தவர்கள் எல்லாம் எழும்புகிறபோது, இவன் எழும்பி உட்கார்ந்தால் முதல் தெரிகிறது அவள் முகம். அவளுக்கு இவன் முகம். ஊரில் கலியாணம் முடித்த சோடிகள் அங்கே போய் நிற்பார்கள், நீயும் மனிசியைக் கூட்டிக்கொண்டு போ என்றா. இதையெல்லாம் அவ கை முழுக்க மாவோடு நடித்துத்தான் காட்டினா. நெஞ்சைப் பிளந்த இடத்தை விளங்கப்படுத்துவதற்கு ஒரு மாவுருண்டை வீணாய்ப் போனது.

எனக்கும் பவானிக்கும் அப்போதுதான் கலியாணம் முடிந்திருந்தது. அவ வீட்டிலும் சம்மதம் இல்லை, என் வீட்டிலும் இல்லை, நகரசபைக் கட்டடத்தில் கையெழுத்து வைத்தோம். யாரும் யாருடைய பக்கமும் மாறவில்லை. சுவரில் ஒரே தட்டில் பிள்ளையாரும் அந்தோனியாரும். வெள்ளிக்கிழமையில் எனக்கு இறைச்சி ஆகாது, மீன் ஆகும். அவவுக்கு அன்றைக்கு மீனோ இறைச்சியோ, மச்சமே வீட்டுக்குள் ஆகாது. ஒரு சனிக்கிழமைக்காக நான் வெள்ளி பின்னேரம் வாங்கி வந்த மீன் பல்கனிக் குளிரில் இரவிரவாய் தவம் இருந்தது.

ராசாவின் கதையை வீட்டில் சொன்னேன். "உவங்கள்தானே எங்கடை கோயிலுகளை இடிச்சவங்கள். உங்கடை ஆக்களைத் தண்ணி தெளிச்சு மாத்தினதும் உவங்கள்தான். நான் போய் உவங்கடை ராசாவைக் கும்பிட வேணுமோ?" என்றா பவானி. ஆனால் காலுக்குக் கால் என்ற இடம் வந்தபோது ரொட்டி போட்டுக்கொண்டிருந்த கை நின்றதை நான் கவனித்தேன்.

போனது பல வருசம் கழித்து, பிள்ளைகள் எல்லாம் தலையெடுத்த பிறகு. லிஸ்பனிலிருந்து பஸ். உள்ளே நீளமான வெறும் கோயில், வெள்ளைக்கல், ஆபரணம் ஒன்றும் இல்லை, வெயிலுக்குள்ளாலை வந்த ஆட்களுக்கு ஐஸ்பெட்டிக்குள் போனமாதிரி. ராசா ஒரு பக்கம், அவள் மற்றப் பக்கம், இரண்டு பேரும் கல்லில் மல்லாந்து கிடக்கினம். சுற்றிவரச் சின்னத் தேவதூதர்கள் தலையைத் தாங்கிப் பிடிக்கினம். ராசாவின் காலடியில் ஒரு நாய். எப்போதோ படையெடுத்து வந்த பட்டாளம் உள்ளே பொன் இருக்கும் என்று உடைத்துப் பார்த்ததாம், அதில் அவளின் மூக்குப் போய்விட்டது.

பவானி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டா. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் போனா. கிரீடம் வைத்த பெண், முகத்தில் அமைதி, சுற்றிவரத் தேவதூதர்கள். இவ அதை "உங்கடை மாதா சயனத்திலை இருக்கிறா" என்று நினைத்திருக்கிறா. ஒரு கயிறு கட்டியிருந்தது, அது இவவுக்குத் தடையாகத் தெரியவில்லை. எட்டிப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினா. கோயிலில் செய்கிற மாதிரியே ஒரு சுற்றுச் சுற்றவும் வெளிக்கிட்டா. அந்த நேரம்தான் எங்களைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பெண், உடல்கள் இன்றைக்கும் உள்ளேதான் இருக்கு என்று சொன்னா.

பவானி என் கையைப் பிடித்தா. "உள்ளை ஆள் கிடக்குதோ?"

"ஓம். கல்லறை எண்டு சொன்னனானே."

"நான் சிலை எண்டெல்லோ நினைச்சன். தொட்டுப்போட்டன். ஐயோ, கண்ணிலை வேறை ஒத்திப்போட்டன்."

"பவானி, அது ராசா வீட்டுச் சவம். அறுநூறு எழுநூறு வருசம்."

"ராசா எண்டாலும் துடக்குத்தான். நான் முழுகாமல் பச்சைத்தண்ணி வாயிலை வையன்."

அடுத்த நிகழ்ச்சி மத்தியானச் சாப்பாடு. முழு பஸ்ஸுக்கும் மேசை போட்டு வைத்திருந்தார்கள். இவ விறாந்தைப் பக்கம் விறுவிறு என்று நடந்தா, நான் பின்னால். மடத்தின் நடு முற்றத்தில், துறவிகள் சாப்பிடுகிற மண்டபத்துக்கு எதிரே, கல்லால் கட்டின ஒரு தண்ணித்தொட்டி. மேலேயிருந்து மெல்லிதாக ஊற்றிக்கொண்டிருந்தது. இவ இரண்டு கையாலும் அள்ளித் தலையில் வார்த்தா. ஒருக்கால் இல்லை, தலைமயிர் முழுக்க ஊறும்வரை. காவலாளி ஓடிவந்து ஏதோ பேசினான். எனக்குத் தெரிந்த போர்த்துக்கேய மொழி முழுவதையும் மனதுக்குள் புரட்டினேன். யன்னல், கதிரை, சாவி, அலுமாரி. இதில் துடக்கை, செத்த ஆளைத் தொட்ட தீட்டை, எப்படி விளங்கப்படுத்துகிறது?

கூட்டிவந்த பெண்தான் வந்து காப்பாற்றினா. அந்தக் காலத்தில் துறவிகளும் சாப்பிடப் போகமுதல் இதிலேதான் கை கழுவிச் சுத்தம் செய்கிறவர்கள் என்று எங்களுக்குச் சொன்னா, காவலாளிக்கு என்ன சொன்னாவோ தெரியாது, அவன் சிரித்துவிட்டுப் போனான். "பாத்தியளே, அவையளுக்கே தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் ஒண்டும் தெரியேல்லை" என்று சொல்லி என் தலையிலும் வார்த்தா.

பஸ்ஸில் வந்த மற்ற ஆட்கள் சாப்பிடப் போய்விட்டினம். நாங்கள் கல்வாங்கில் வெயில் காய்ந்துகொண்டு இருந்தோம். உடுப்பெல்லாம் ஈரம். அந்த ஈரமான தலையைப் பார்க்க எனக்கு அவவில் சரியான பட்சமாக இருந்தது. நாங்களும் இப்படிக் காலுக்குக் கால் கிடந்தால் நல்லதல்லோ என்றேன்.

"நீங்கள் கிடவுங்கோ. நான் எரிவன். என்னை ஏரியிலை விடச் சொல்லிப் பிள்ளையளிட்டைச் சொல்லிப்போட்டன்."

"அப்ப கடைசி நாளிலை எழும்பி நான் ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது?"

சடையைப் பிழிந்துகொண்டே கொஞ்சம் யோசித்தா. "எழும்பின உடனை ஓடிவந்து என்னைத் தொட்டுப்போடாதேங்கோ. குழிக்குள்ளாலை வாற ஆள். முதல் போய் நல்லாத் தலைமுழுகிட்டு வாங்கோ. பிறகு முகத்தைப் பாப்பம்."

டண்டாஸ் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். மரியா அக்கா ஓய்வெடுத்துத் தன் ஊருக்கே போய்விட்டா என்று கேள்வி. நாங்கள் அங்கே நின்றபோது அது தெரிந்திருந்தால் தேடிப் பார்த்திருப்பேன்.

சேமக்காலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தா. மேப்பிள் மரத்துக்குக் கீழே ஒரு இடம், மகளுக்கு அது பிடித்துவிட்டது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இதில் கால் எந்தப் பக்கம் வரும்? அவ ஒருக்கால் என்னைப் பார்த்துவிட்டு, கிழக்கு என்றா. எல்லா வரிசையும் கிழக்குத்தானோ? இல்லை, வேலியோரம் சரிவில் ஒரு வரிசை இருக்கு, அது தெற்கு, ஆனால் ஹைவே சத்தம் கேட்கும், அதனால் கனபேர் விரும்புவதில்லை என்றா.

இந்த நகரத்தில் தெற்கு என்றால் ஏரி. வேலியோரம் போய் நின்றேன். ஏரி தெரியவில்லை. வீடுகள், ஹைவே, அதற்கங்காலை ரெயில் பாதை, அதற்கும் அங்காலைதான் ஏரி. இருந்தாலும் பாதை நேர்.

"இது சரி" என்றேன்.

"ஏன் அப்பா? மரமும் இல்லை, ஒண்டும் இல்லை. சோ நொய்சி."

"காத்து வரும்" என்றேன். எழும்பினால் முன்னுக்கு இறக்கம், இறங்கி நடந்தால் தண்ணி. முழுகச் சொன்ன ஆள் அந்தத் தண்ணியில்தான் இருக்கிறா. இதை மகளிடம் சொன்னால் அழுவாள், பிறகு கார் ஓட்டவேண்டியவளும் அவள்தான்.

என்னை மல்வேர்னில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவள் போய்விட்டாள். பவானி இருந்த காலத்தில் சேமக்காலைக்கோ செத்தவீட்டுக்கோ போய்வந்து முன்கதவைத் தொட ஏலாது. யன்னலுக்குள்ளாலை குரல் வரும், "நில்லுங்கோ அங்கை." கராஜ் பக்கத்தால் போனால் ஒரு வாளி சுடுதண்ணியும் துவாயும் வைத்திருப்பா. மாரிகாலத்திலும் அதே சட்டம்தான். நான் புறுபுறுத்துக்கொண்டு வார்ப்பேன். அந்த வாளியில் இப்போது பனி கரையப் படிக்குப் போடுகிற உப்பு இருக்கு.

கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முன்கதவாலேயே உள்ளே போனேன். ஒருதரும் மறிக்கவில்லை.