சுண்டைக்காய் மேல் நின்ற விமானம்

ஸ்கூட்டரில் ஒரு கீறல். அதைக் காட்டத்தான் இன்று காலை பழனி ரோட்டுப் பெயின்டிங் பட்டறைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் தின்னர் வாடை மூக்கில் ஏறியது. பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "முழுசா அடிச்சுப் புதுசு மாதிரி ஆக்கிருவமா தம்பி?" என்றார். வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ. 'புதுசு மாதிரி' என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஏன் என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி முடித்து வேலை தேடிய நாட்களில் நானும் நசீரும் ஒரு ஸ்பிட்ஃபயர் செய்தோம். இரண்டாம் உலகப்போரில் பறந்த சண்டை விமானம். எங்களுடையது ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் மாடல். பாகங்களை ஒட்டுவது யாருக்கும் வரும். பெயின்ட் அடித்து, பிறகு அதைப் போர்க்களத்திலிருந்து திரும்பியதுபோல் அழுக்காக்குவதில்தான் வித்தை இருக்கிறது. நசீரின் அத்தாவுக்குப் பேகம்பூரில் தோல் கடை. அங்கிருந்து சாயம் கொண்டுவருவான். "ஊருக்குள்ள அம்புட்டுப் பேரும் பழச புதுசாக்குறான். நம்ம ரெண்டு பேருந்தான்லே காசு குடுத்து வாங்கிப் புதுசப் பழசாக்குறோம்" என்பான்.

திண்டுக்கல் வெயிலுக்கும் இந்த வேலைக்கும் ஆகவே ஆகாது. ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து கிளம்பும் பெயின்ட் இறக்கையில் போய் உட்காருவதற்குள் காய்ந்து, ரவை தூவியதுபோல் சொரசொரக்கும். தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கப்போனால் கரன்ட் போகும். கரன்ட் வந்தால் காற்று கிளம்பிப் புழுதி ஒட்டும். சக்கரத்தில் பூசவென்று ஆத்தூர் அணைப் பக்கம் போய் அள்ளி வந்து துணியில் சலித்த மண் மட்டும் ஒட்டாது. வேலை கிடைக்காத ஆளுக்குப் புழுதிகூட மரியாதை கொடுக்காது போல.

அடியில் வெள்ளி நிறம் அடித்து, ஈரமாக்கி உப்புத் தூவி, மேலே பச்சை அடிக்க வேண்டும். காய்ந்தபின் உப்பைச் சுரண்டினால் அங்கங்கே பெயின்ட் உரிந்து தகரம் தெரிவதுபோல் இருக்கும். விமானி கால் வைத்து ஏறும் இறக்கை ஓரத்தில் எவ்வளவு உரியலாம் என்று எங்களுக்குள் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை.

"பூட்ஸ் காலோட தெனமும் ஏறுறான். உரியாம என்ன செய்யும்? எங்க கடை வாசப்படிய வந்து பாரு."

"வாசப்படி பறக்குமாலே?"

கடைசியில் என் பிடிவாதப்படி கொஞ்சமாக உரித்தோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கண் போகும்போதெல்லாம் "பத்தாதுலே" என்று முனகுவான்.

புகைபோக்கிக்குப் பின்னால் கரித்தூள், மூட்டுக் கோடுகளில் தோல் சாயம். எல்லாம் முடிந்தது. அழுக்கு கலையாமல் காக்கும் வார்னிஷ் மட்டும் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் மாடல் கண்காட்சி. மறுவாரம் நசீர் துபாய்க்கு, அவன் மாமா கடைக்கு. "ரெண்டு பேர் பேரையும் ஒரே அட்டையில எழுதி வச்சுட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவேன்" என்று சொல்லியிருந்தான்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது.

கூரியரில் வந்திருந்த வார்னிஷை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். அக்காவின் தையல் மெஷின், அப்பாவின் ஸ்பேனர்கள், அரிவாள்மனை. நடுவே பலகை போட்டு என் ஸ்பிட்ஃபயர். பளபளவென்று. மூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம், வாலில் ஒரு கிள்ளு கனகாம்பரம்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "எம்புட்டு அழுக்கு அப்பு. சோப்புத் தண்ணிக்குக் கரி போகல. பெறகு தேங்கா எண்ணெயத் தொட்டுத் தேச்சேன், கண்ணாடி கணக்கா வந்துருச்சு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் பெருசா இருந்துச்சு. அதான் சுண்டக்கா வச்சேன்."

பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு சுண்டைக்காய்.

வெட்டி வேலை என்று வீடே சொன்ன ஒன்றை, அவள் ஆயுதங்களோடு சேர்த்து வைத்திருந்தாள். அது புரிந்ததும் என் எரிச்சல் குறைந்தது என்று நினைக்காதீர்கள். கூடியது. கையில் வார்னிஷ் குப்பியோடு நின்றேன்.

பொரிகடலைக்கு வந்த நசீர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு விமானத்தைத் தூக்கி இறக்கையில் விரலை ஓட்டினான். சிரிப்பு நின்றது. "எண்ணெ ஏறிருச்சுலே. இனி எதுவும் புடிக்காது." சோப்புப் போட்டுக் கழுவி முயன்றோம். சாயம் நிற்காமல் முத்து முத்தாக ஒதுங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோவை பஸ் நாங்கள் இருவரும் இல்லாமல் போனது. அடுத்த வாரம் நசீரும் போனான்.

தோல் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். விமானம் ஷோகேஸில் இருக்கிறது. ஆயுத பூஜை தவறாமல் அம்மா அதைத் தேய்க்கிறாள். நானும் தடுப்பதை விட்டுவிட்டேன்.

பட்டறையிலிருந்து திரும்பியதும் அதைக் கையில் எடுத்தேன். வருஷா வருஷம் அம்மாவின் துணி பட்டுப் பட்டு, அந்த இறக்கை ஓரத்தில் பச்சை தேய்ந்து வெள்ளி வெளியே வந்திருக்கிறது. அகலமாக, ஓரம் மங்கி, நசீர் அந்தச் சண்டையில் விரலால் கோடு போட்டுக் காட்டிய அளவுக்கு. உப்பால் இப்படி வராது.

போட்டோ எடுத்து நசீருக்கு அனுப்பினேன். 'நீ சொன்னதுதான்லே சரி' என்றும் எழுதினேன். ஒரு "பத்தாதுலே" வரும், அதற்குப் பதிலாக என்ன சொல்லிச் சண்டையை ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

செத்த நேரத்தில் பதில் வந்தது. மஞ்சளாக ஒரு கட்டைவிரல்.