கொழும்புக் காருக்குத் தோணி வால்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் கடல் வழியாக வந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த என் தாய்மாமா, யுத்தம் முடிந்த கையோடு கடையை மூடிவிட்டு ஊர் திரும்பினார். படுக்கைச் சுருள், தையல் மிஷின், கிளிக்கூண்டு, ஒரு பந்தயக் கார் எல்லாம் ஒரே தோணியில் தூத்துக்குடியில் வந்து இறங்கின. இறக்கிய இடத்திலேயே மாமா காருக்குள் உட்கார்ந்து பார்த்தார். உடம்பில் முக்கால் பங்கு உள்ளே போயிற்று. மீதிக் கால் பங்கை என்ன செய்வது என்று தெரியாமல் காரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அசல் இங்கிலீஷ் ரேஸ் வண்டி மருமவனே. சீமையிலே ராஜா வீட்டுப் பிள்ளைக ஓட்டுதது" என்றார்.

நான் நம்பினேன். நம்புவதில் எனக்கு எப்போதுமே நல்ல தேர்ச்சி உண்டு. அப்போது என் தகப்பனாரின், அதாவது ஐயாவின், கருப்பட்டிக் கடையில் ஈ ஓட்டுவதுதான் என் உத்தியோகம். அந்த வேலையையும் நான் எந்த லட்சணத்தில் செய்தேன் என்பது ஈக்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் கார் கிடைத்தால் சும்மா இருப்பானா? பெட்ரோல் கூப்பன் கிடைத்த நாளெல்லாம் கடற்கரைச் சாலையில் நெஞ்சை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்தச் சாலையில்தான் பஞ்சாலை இன்ஜினியர் துரை என்னை மறித்தார். வெள்ளைக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அதை ஆலைத் தொழிலாளிகளிடம் கற்றதால் மரியாதைச் சொற்கள் அவர் கைக்கு வந்து சேரவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எஞ்சின் மூடியைத் தூக்கி, அதன் உட்புறத்தை எனக்குக் காட்டினார். அங்கே அழகான ரோஜாப்பூ ஒன்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் பாதி பிஸ்கட்டும் தெரிந்தது.

"ஏலே, இது கார் இல்லே. பிஸ்கட் டப்பா" என்றார்.

பிறகு விளக்கினார். கொழும்பில் யாரோ ஒரு பழைய குடும்பக் காரின் மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பேர்போன ஒரு பந்தயக் காரைப் போலத் பிஸ்கட் டப்பாத் தகரத்தில் தட்டி மாட்டியிருக்கிறான். அந்த அசல் காரின் படம் அவரிடம் ஒரு சீமைப் பத்திரிகையில் இருந்தது. மறுநாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "நல்லா பாரு. பாத்துட்டு அழு."

பார்த்தேன். அழவில்லை. அழுதிருக்கலாம். அசலுக்குக் கம்பிச் சக்கரம். என்னுடையதற்குத் தட்டுச் சக்கரம். அசலுக்கு எஞ்சின் மூடியின் குறுக்கே தோல் வார். என்னுடையதற்கு அந்த இடத்தில் சிவப்புச் சாயத்தின் மேல் பழுப்புச் சாயத்தால் வரைந்த வார். முதுகுப் பக்கம் அசல் கார் கூர்ந்து, ஒடுங்கி, மீன் மாதிரி முடிந்திருந்தது. என்னுடையது சுவரில் முட்டியது மாதிரி நின்றுபோயிருந்தது.

விஷயம் சாயங்காலத்துக்குள் ஐயா காதுக்குப் போய்விட்டது. நாசரேத் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப மாட்டு வண்டி சரிப்படவில்லை என்று அவர் வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். டப்பா என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"அப்பம் நல்லதாப் போச்சு. பின்னால வெட்டி எடுத்துட்டுப் பலகை அடிச்சா சரக்கு வண்டி. நாளைக்கே ஆசாரிய வரச்சொல்லுதேன்."

"ஐயா, அசலாட்டம் ஆக்கிருதேன். கொஞ்சம் பொறுங்க."

"எதுக்குலே? சீமை ராஜா வந்து ஒன் கன்னத்தக் கிள்ளவா?"

துரையிடம் ஓடினேன். அந்தச் சமயம் பாளையங்கோட்டை மைதானத்தில் ஆஸ்பத்திரி நிதிக்காக ஒரு மோட்டார் கண்காட்சி நடக்க இருந்தது. பந்தயக் கார்களின் வரிசையில் எது நிற்கலாம் என்று முடிவு செய்கிறவர் இவர்தான். படத்தையும் காரையும் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது தனக்கு வித்தியாசம் தெரியவில்லையென்றால், என் காரை வரிசையில் நிறுத்துவதாகச் சொன்னார். இதை ஐயாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "வரிசையிலே கடைசி வரை நின்னா நான் வண்டியத் தொடல. நிக்கலன்னா பின்பக்கம் எனக்கு" என்றார்.

அன்றிலிருந்து படத்தை ஓர் அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கடைக்கு வந்தவர்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

கம்பிச் சக்கரங்கள் காயல்பட்டினத்தில் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. கொழும்பு வியாபாரி ஒருவரின் வீட்டு முற்றத்தில், செத்துப்போன ஒரு காரின் சக்கரங்கள் கோழிக் கூடைகளின் மேல் மூடியாகக் கிடந்தன. "காக்கா, இதை எனக்குத் தரணும்" என்றேன். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னையும் கழுத்துப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொடுத்திரலாம் தம்பி. கோழிக்கு யாரு பதில் சொல்றது? காத்து வரணும், நரி வரக்கூடாது. இது ரெண்டும் தெரிஞ்ச மூடி இது."

கனமான பனைநார்க் கடகப்பெட்டிகளை ஊரிலிருந்து கொண்டுபோய்க் கோழிகளின் தலையில் கவிழ்த்த பிறகுதான் சக்கரம் கைக்கு வந்தது. வந்த சக்கரம் என் அச்சில் உட்கார மறுத்தது. விடுவேனா? துறைமுகப் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவரைக் காக்காய் பிடித்து, நடுவில் செருக இரும்பு வளையங்கள் கடைந்து வாங்கினேன். முதல் தடவை கடைந்தது பெரிதாகப் போயிற்று. இரண்டாவது சிறிதாகப் போயிற்று. அளவெடுத்தவன் நான். மூன்றாவது தடவை அவர் என் கையிலிருந்த நூலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தாமே அளந்தார். தோல் வார் ஒரு ஜட்கா குதிரையின் வயிற்றுப் பட்டையிலிருந்து வந்தது. குதிரைக்குப் புதுப் பட்டை வாங்கிக் கொடுத்தேன். அது என்னைவிட நன்றாக உடுத்திக்கொண்டு திரிந்தது.

மிச்சம் இருந்தது வால். தகரத்தில் நானே தட்டிப் பார்த்தேன். மீன் வரவில்லை, நசுங்கிய சொம்பு வந்தது. ஒருநாள் கடற்கரையில் ஒரு தோணியின் முன்பக்கத்தை ஏதோ யோசனையில் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்திலிருந்த படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். அதே கூர்மை, அதே ஒடுக்கம். நேரே தோணி கட்டுகிற ஓடாவியிடம் போனேன்.

ஓடாவி படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "செய்யலாம். தண்ணி எது வரைக்கும் ஏறும்?"

"அண்ணாச்சி, இது ரோட்டுல போறது."

"ரோட்டுல மழை பெய்யாதோ? எனக்குத் தெரிஞ்ச வேலைதான் தெரியும். தோணின்னா தோணி மாதிரித்தான் செய்வேன். சம்மதம்னா வண்டிய விட்டுட்டுப் போ."

விட்டுவிட்டு வந்தேன். அடிக்கடி போய் எட்டிப் பார்த்தேன். அயினிப் பலகை வளைந்து வளைந்து வால் முளைத்த அழகை என்னவென்று சொல்ல! தண்ணீர் புகாதபடி இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்துக் கலப்பத்து அடித்தார். மேல்புறத்தில், தோணிக்குச் சரக்கு இறக்க வைப்பது மாதிரி, ஒரு மூடியும் வைத்தார். கேட்டேன். "உள்ளே தண்ணி சேந்தா எப்படி இறைப்பே?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் வண்டியை எடுக்கப் போனபோது அங்கே ஒரு சிறு கூட்டம். மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டிருந்தார். அது முடியாமல் ஓடாவி தன் கையால் செய்த எதையும் இறக்கவிட மாட்டார். ஒரு புனிதர் பேரும் வைத்தாயிற்றாம். நானும் பணிவாகத் தலை குனிந்தேன். குனிந்தபோதுதான் மூக்கில் ஏறியது.

"அண்ணாச்சி, இது என்ன வாடை?"

"சுறா எண்ணெய். உள்ளேயும் வெளியேயும் ஊற ஊறக் கொடுத்திருக்கு. எண்ணெய் கொடுக்காம தோணிய இறக்க நான் என்ன கிறுக்கனா? பத்து வருஷத்துக்குப் புழு அண்டாது."

மேலே பூசிய சிவப்புச் சாயம் பளபளத்தது. அதனடியிலிருந்து ஒரு கடல் முழுக்கச் செத்துப்போன வாடை வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி தேய்த்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி போட்ட பிறகு, யாரோ சுறாவுக்குப் பூஜை செய்த மாதிரி இருந்தது. விடியும்போது வால் மேல் மூன்று பூனைகள் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தன. இருந்தாலும் போவது என்று முடிவு செய்தேன். வாடையைப் படம் பிடித்து யாரும் பத்திரிகையில் போடுவதில்லையே. பார்ப்பதற்குத்தானே போட்டி?

ஐயா பக்கத்து இருக்கையில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார். வழியில் புதுக்கோட்டை என்ற சிற்றூரில் வண்டியை மெதுவாக்கியதும் நாய்கள் சேர்ந்துகொண்டன. "ஏலே, நமக்கு எம்புட்டுச் செல்வாக்கு" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

மைதானத்தில் துரை பத்தடி தள்ளி நின்றார். படத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். வாலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"ஏலே, நீ மனுஷன்டா" என்றார். "வரிசையிலே நிறுத்து."

நிறுத்தினேன். இரண்டு அசல் கார்களுக்கு நடுவே என் பிஸ்கட் டப்பா நின்றது. எது டப்பா என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் பிறந்திருக்க வேண்டும். பிறகு வெயில் ஏறியது. சூடேறிய அயினிப் பலகை உள்ளே குடித்த எண்ணெயை எல்லாம் மூச்சாக விட ஆரம்பித்தது. காற்று போகிற பக்கம் பந்தல் போட்டுத் துரைசானிகள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு கைக்குட்டை எழுந்தது. பிறகு எல்லாக் கைக்குட்டையும். மைதானத்துக் காகங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, அசல் கார்களை ஏறிட்டும் பார்க்காமல், என் வாலில் இறங்கின.

துரை வந்தார். கண்ணில் நீர் நின்றது. சிரிப்பாலா வாடையாலா தெரியவில்லை. "கண்ணுக்குப் பாஸ். மூக்குக்கு ஃபெயில். எடுத்துட்டுப் போ, அம்மாமாரு மயக்கம் போடுதாக."

வரும் வழியெல்லாம் ஐயா மூக்கிலிருந்து துண்டை எடுக்கவில்லை. ஊர் எல்லை வந்ததும் கேட்டார். "வரிசையிலே நின்னுச்சா?"

"நின்னுச்சுய்யா."

"கடைசி வரை?"

நான் கியரை மாற்றினேன்.

மறுநாள் காலையில் வாலை வெட்டிப் பலகை அடிக்க ஐயா வண்டியை ஓடாவியிடமே கொண்டுபோகச் சொல்லி, கூடவே வந்தார். செய்தவனுக்குத்தான் பிரிக்கத் தெரியும் என்பது அவர் கணக்கு. ஓடாவி வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மந்திரிச்சுப் பேரு வச்சதுல நான் ரம்பம் வைக்க மாட்டேன் அண்ணாச்சி. கடல் ஒடைக்கணும். இல்ல அதுவா மக்கணும்."

"ஓய், இது காரு!" என்றார் ஐயா.

"அத நீங்க முன்னாலயே வண்டிகிட்டச் சொல்லியிருக்கணும்."

ஐயா வேறு ஆசாரிகளைக் கேட்டுப் பார்த்தார். ஓடாவி மறுத்தது கடற்கரை முழுக்கப் பரவியிருந்தது. ஒருவரும் ரம்பம் எடுக்கவில்லை. எடுக்கத் துணிந்து வந்த ஒரே ஓர் ஆசாரியும் வாடைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஐயா காரைச் சுற்றி வந்தார். மேல் மூடியைத் திறந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் வியாபாரக் களை இருந்தது.

"உள்ள நல்ல இடம் கெடக்குலே. கருப்பட்டி வச்சா நாறும்." சற்று நிறுத்தினார். "கருவாடு வச்சா யாருக்குத் தெரியும்?"

இப்படித்தான் எங்கள் கருப்பட்டிக் கடை கருவாட்டிலும் இறங்கியது. வால் ஒரு விரற்கடையும் குறையாமல் பிழைத்தது. கம்பிச் சக்கரம் மின்ன, குதிரைப் பட்டை குறுக்கே இறுக, சீமை ராஜா வீட்டுப் பிள்ளை ஓட்டுகிற கார் நாசரேத்துக்கு நெத்திலி சுமந்துகொண்டு போயிற்று. ஓட்டியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஓட்டினான். வழியில் ஒருநாள் துரையின் வண்டி எதிரே வந்து நின்றது.

"ஏலே, வாளைக் கருவாடு இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். அவர் கருவாட்டை வாங்கிக்கொண்டு, பழக்கம் விடாமல் பத்தடி பின்னால் போய் நின்று காரைப் பார்த்தார். ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"முன்விளக்கு தப்பு. அசலுக்கு இன்னும் பெருசு."

அவர் போனதும் சட்டைப்பையிலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தும் என் கண்ணில் படவில்லை. நாசரேத்தில் சரக்கை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்குப் போகவில்லை. காயல்பட்டினத்துக் காக்கா வீட்டு முற்றத்தில், கோழிகள் தண்ணீர் குடிக்கும் வட்டக் கிண்ணங்கள் இரண்டு பளபளவென்று கிடந்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன்.