முந்நூற்றில் நிற்காத முள்

என் கணவர் ரயில் ஓட்டுபவர். அவரோடு வேலை செய்த ஒருவர் வீடு மாறும்போது, ஷெட்டில் பல வருடம் கிடந்த குவாட் பைக்கை இவர் தலையில் கட்டிவிட்டார். சேற்றிலும் புல்லிலும் ஓடுகிற நான்கு சில்லு வண்டி. கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கராஜில் அது வந்து இறங்கியபோது, மழைக்கோட்டுகளை எங்கே மாட்டுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் ஒரு பக்கம் நகத்தால் பிறாண்டியதுபோல் கீறுப்பட்டு, விளிம்பு உருகியிருந்தது. சவுத்தாலில் ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கி, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டார். லீவு நாளெல்லாம் அதிலேயே போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் உயிர் பெற்றது. ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு, யாரும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே அதன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. இவர் பாய்ந்து சாவியைத் திருப்பினார்.

கார்பரேட்டரில் அழுக்கு என்றார். கழுவினார். மறுபடி அதே கதை. மூன்றாம் முறை கழுவிக்கொண்டிருந்தபோது நான் தேநீர் கொண்டு போனேன்.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ள காத்து எந்த வழியாப் போகுது?"

"பெட்ரோலோட சேந்து முதல் கீழ, கிராங்க் தண்டு சுத்துற பெட்டிக்குள்ள போகும். பிஸ்டன் இறங்கேக்க அது மேல தள்ளுப்படும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அப்பிடித்தான்."

"அப்ப அந்தப் பெட்டியில ஓட்டை இருந்தா?"

அவர் துணியால் கையைத் துடைத்தார். "காத்துக் கூடிப்போகும். பெட்ரோல் அதுக்குக் காணாது. சூடேறி இப்பிடித்தான் கத்தும்."

நான் நர்ஸ். ஒரு பெட்டிக்குள் அழுத்தம் நிற்கிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பது எனக்குப் புதிதல்ல. படிக்கிற காலத்தில் வாங்கிய, கையால் அமுக்கி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அலுமாரியில் இருந்தது. எடுத்து வந்தேன்.

"என்னப்பா, எஞ்சினுக்குப் பிரஷர் பாக்கப்போறீரோ?"

"ஓம். கையில கட்ட ஏலாது, அவ்வளவுதான்."

சிரித்தார், ஆனால் உதவினார். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயைச் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்கினார். கார்பரேட்டர் இருந்த வாயை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடி, அதில் துளையிட்டு என் கருவியின் குழாயைச் செருகினோம். நான் கருவியின் ரப்பர் பந்தை அமுக்கினேன். முள் முந்நூற்றுக்கு ஏறியது. கண்ணெடுக்காமல் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் இருநூற்றுக்குக் கீழே வந்துவிட்டது.

சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு ஒவ்வோர் இணைப்பிலும் தடவினோம். சிலிண்டரின் அடியில் ஒன்றுமில்லை. தலைப்பகுதியில் ஒன்றுமில்லை. இடப்பக்க மூடியைக் கழற்றி, அதற்குள் இருந்த கனத்த சக்கரத்தையும் இழுத்தெடுத்த பிறகு, கிராங்க் தண்டைச் சுற்றி, காற்றுக் கசியாமல் அடைத்திருக்க வேண்டிய ரப்பர் சீலில் தடவினேன். சின்னச் சின்னக் குமிழிகள், கரையோரம் நண்டு விடுகிற நுரைபோல, வந்துகொண்டே இருந்தன.

"இந்த ரப்பர் சீலை மாத்தேல்லையோ?"

"பாக்க நல்லாத்தான் இருந்தது," என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு எழுந்துபோய் மேசையிலிருந்த பழைய பிஸ்டனை எடுத்து, உருகிய விளிம்பை விரலால் தடவினார். "இதையும் இந்தச் சீல்தான் திண்டிருக்கு. எஞ்சின் ஏன் இறுகினது எண்டு நான் யோசிக்காமப் புதுசைப் போட்டிட்டன்."

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய சீலை நெம்பி எடுத்தபோது அது பிஸ்கட்போல உடைந்தது.

புதுச் சீல் போட்டு மறுபடி அமுக்கிப் பார்த்தபோது முள் அசையாமல் நின்றது. அடுத்த வாரம் எசெக்ஸ் பக்கம் ஒரு நண்பரின் காணிக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். முதல் ஓட்டம் எனக்கு என்று கேட்டு வாங்கினேன். ஈரப் புல்லில் ஒரு சுற்று. சத்தம் ஏறவில்லை. இன்னொரு சுற்று. நிறுத்தி, எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். நுனி பழுப்பு நிறத்தில் இருந்தது. காற்றும் பெட்ரோலும் அளவாகச் சேர்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

அது ஏன் பழுப்பு, ஏன் கறுப்பில்லை என்று நான் கேட்கத் தொடங்க, "அதை வீட்டில சொல்லுறன்," என்றார். "இப்ப நீர் இறங்கும். நான் இன்னும் வண்டியை ஓடவே இல்லை."