சிமினியில் பட்ட கை

பிரஷர் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் வாசல்வரை ஓடிவிடுகிற ஆள் நான். எனக்கு வாய்த்த தொழிலோ, கொதிக்கிற இரும்புக்குச் சட்டை போடுவது. தொழிற்சாலை அடுப்பு, பாய்லர், சிமினி என்று சூடும் துருவும் சேர்ந்து தின்னும் இரும்பில் அலுமினியத்தை உருக்கித் தெளிப்பேன். கூரைத் தகரத்துக்குப் பூசுகிற துத்தநாகம் அந்தச் சூட்டுக்கு நிற்காது. அலுமினியம் நிற்கும்.

போன வருடம் முனிசிபாலிட்டியின் தகனசாலைச் சிமினி வேலை வந்தது. மணல் அடித்துத் துருவைப் போக்கிய பிறகு இரும்பை வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையோ எண்ணெயோ பட்ட இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது. சூடேறினால் உப்பி உரியும்.

அன்று மத்தியானம் என் மனைவி பலாபத்வல வீட்டிலிருந்து பஸ் ஏறி, சோற்றுப் பார்சலோடு வந்து நின்றாள். எங்கள் ஆட்களில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை.

“இங்கயெல்லாம் வரலாமா நீ?”

“உசுரோட இருக்கும்போதே எட்டிப் பாத்துக்கிறேங்க. அப்புறம் வந்தா எங்க பாக்கிறது?”

சிரித்துக்கொண்டே வந்தவள் சிதறிக் கிடந்த மணலில் சறுக்கி, விழாமலிருக்கச் சிமினியைப் பிடித்தாள். நெஞ்சு உயரத்தில், பார்சலிலிருந்து சம்பல் எண்ணெய் கசிந்த உள்ளங்கை, முழுசாக.

“ஐயோ, கைய எடு! கைய எடு!”

“ஏங்க, கரண்டா அடிக்குது?”

நான் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், சிமினியிடம்.

“நான் விழுந்திருந்தாலும் இரும்பத்தான் தூக்கியிருப்பீங்க” என்றாள்.

திரும்ப மணல் அடித்திருக்க வேண்டும். மழை கறுத்து வந்தது. தின்னரால் துடைத்துவிட்டு மேலேயே பூசினேன். அதன்பிறகு ஊரில் யார் செத்தாலும் நான் பதறுவேன். செத்தவருக்காக இல்லை. அவள் வேண்டுமென்றே சொல்வாள்: “இன்னைக்கும் ஒரு சாவாம். உங்க சிமினி பொழைக்குமோ என்னமோ.” போய்ப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். அவ்வளவுதான்.

அதே தகனசாலையில், கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தியவன் நான். அழுத்திய அடுத்த நொடி என் மூளை சிமினிக்குப் போய்விட்டது. அவள் கை பட்ட இடம் அவளுடைய சூட்டிலேயே உரிந்து விழுமோ? எல்லோரும் கும்பிட்டு நிற்க, நான் அண்ணாந்து பார்த்தபடி வியர்த்துக் கொட்டினேன்.

அவள் தம்பி தோளைத் தொட்டான். “மச்சான், மேல என்ன பாக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல” என்று கட்டடத்தின் பின்பக்கம், சிமினியடிக்குப் போனேன். போகும்போதே முனிசிபாலிட்டிக்குச் சொல்ல ஒரு பொய்யும் தயார் செய்துவிட்டேன். அந்த நேரத்திலும்.

நெஞ்சு உயரத்தில் தேடினேன். ஒரு உப்பல் இல்லை. ஒரு கீறல் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் நிறம். இத்தனை வருடத்தில் நான் செய்த ஆகச் சுத்தமான வேலை.

உரிந்துவிடக் கூடாது என்று எத்தனை மாதம் பயந்தேன். ஐந்து விரல் அகலத்துக்காவது உரிந்திருக்கக் கூடாதா என்று அப்போது தோன்றியது. தினம் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பேன்.

அவள் பிடித்த இடம் இதுதான் என்று கணக்குப் பண்ணி, அங்கே என் கையை வைத்தேன்.

“மச்சான்! கொதிக்குது, கைய எடுங்க!” பின்னால் வந்த தம்பி கத்தினான்.

எடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் என் கைக்கட்டைப் பார்த்து, கொள்ளி வைக்கும்போது சுட்டதா என்று கேட்டார்கள். பொத்தானில் எங்கே சுடும்? ஆமாம் என்றேன்.